மலையில் விளையும் சாமை மலை வீட்டு உலைக்கு எப்போது போகும்?

சிறுதானியத்தை எப்படி விதைப்பது, எப்போது களை எடுப்பது, ஏக்கருக்கு எவ்வளவு வரும் என்றெல்லாம் நம் பத்திரிகையில் நிறைய வந்துவிட்டது. நான் எழுத வந்தது வேறொரு கணக்கு. விளைவித்த குடும்பம் அதில் எவ்வளவு சாப்பிடுகிறது என்கிற கணக்கு. முப்பது வருடத்துக்கு மேல் வங்கியில் வரவு செலவு பார்த்தவன் நான். ஓய்வு பெற்றபின் கொல்லிமலை அடிவாரத்தில் மூன்று ஏக்கரில் ரசாயனம் இல்லாத வெள்ளாமை பார்க்கிறேன். சாமை விதைக்கும் மிளகுக் கொடிக்கும் மலைக்கு ஏறி இறங்கியதில் ஒன்று கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது. கீழே ஆர்கானிக் கடைகளில் ‘கொல்லிமலைச் சாமை’ என்று பாக்கெட்டில் சீட்டு ஒட்டி விற்கிறார்கள். மேலே பல வீடுகளில் உலையில் கொதிப்பது ரேஷன் அரிசி.

ரேஷன் அரிசியைக் குறை சொல்லவில்லை. பஞ்சகாலத்தில் கிழங்கு தோண்டித் தின்று பிழைத்த கதையைச் சொல்லும் பெரியவர்கள் மலையில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களிடம் போய் அரிசி கெடுதல் என்று பேசுவது அநியாயம். ஆனால் அரிசி வந்தது சரி, சாமையும் தினையும் கேழ்வரகும் ஏன் போகவேண்டும்? இரண்டும் இருந்திருக்கலாமே. அதைத்தான் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கவேண்டும். ஏன் போனது என்று தெரிந்தால்தான் எப்படித் திரும்ப வரும் என்று சொல்ல முடியும்.

போன வழி

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலை ஆயிரம் மீட்டருக்கு மேல் உயரமுள்ள மலை. காரவள்ளியிலிருந்து ஏறினால் 70 கொண்டை ஊசி வளைவு. அங்கே இருக்கும் மக்கள் மலையாளிகள், அட்டவணைப் பழங்குடியினர். (கேரளத்துக்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லை. மலையை ஆள்பவர் என்ற பொருளில் வந்த பெயர், பேசுவது தமிழ்.) இவர்கள் கையில் இருந்த விதைகளைக் கேட்டால் நமக்கு வாயில் நீர் ஊறும். சாமையில் மட்டும் கட்டவெட்டிச் சாமை, மல்லியச் சாமை, பெருஞ்சாமை, திருகுலச் சாமை என்று பல. தினையில் செந்தினை, பெருந்தினை, மூக்காந்தினை. கேழ்வரகில் சுருட்டை, பெருங்கேழ்வரகு, காரக் கேழ்வரகு. இன்ன மண்ணுக்கு இன்னது, மழை பிந்தினால் இன்னது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை இருந்தது.

சாலை நல்லதாக ஆனதும் லாரி வந்தது. லாரி வந்ததும் குச்சிக்கிழங்கு வந்தது. சேலம், நாமக்கல் பக்கம் ஜவ்வரிசி ஆலைகளும் ஸ்டார்ச் ஆலைகளும் நிறைய. ஆலை முதலாளிகளின் கூட்டுறவுச் சங்கமான சேகோசர்வ் 1981-லேயே சேலத்தில் தொடங்கிவிட்டது. ஆலைக்குக் கிழங்கு வேண்டும். வியாபாரி முன்பணம் கொடுத்துக் காட்டோடு பேசிவிடுவார். பத்து மாதம் கழித்து ஒரே தடவையில் மொத்தப் பணம் கையில் விழும். சாமையில் அப்படி ஒரு தொகையைக் கண்ணால் பார்க்க முடியாது. பிள்ளைக்குக் கல்லூரிக் கட்டணம், வீட்டுக்குக் கூரை, ஆஸ்பத்திரிச் செலவு எல்லாவற்றுக்கும் மொத்தப் பணம்தான் வேண்டியிருக்கிறது. அதனால் கிழங்கு போட்டவர்களைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

இதில் வங்கிக்கும் ஒரு பங்கு உண்டு. அதை வெளியில் யாரும் பேசுவதில்லை. ஒவ்வொரு மாவட்டத்திலும் ஒரு தொழில்நுட்பக் குழு கூடி, எந்தப் பயிருக்கு ஏக்கருக்கு எவ்வளவு கடன் என்று வருடாவருடம் ஒரு பட்டியல் போடும். கிளை மேலாளர் அந்தப் பட்டியலைத் தாண்டிப் போக முடியாது. பட்டியலில் செலவு அதிகமான பயிருக்குக் கடன் அதிகம். சாமைக்கு உரம் கிடையாது, மருந்து கிடையாது, தண்ணீர் கிடையாது. செலவு குறைவு, அதனால் கடனும் குறைவு. கிழங்கென்று எழுதினால் கூடுதலாகக் கிடைக்கும்போது விவசாயி என்ன எழுதுவார்? செலவு வைக்காத பயிர் என்பதே அந்தப் பயிருக்கு எதிராகத் திரும்பியது. இது ஒரு கிளையின் கதையல்ல, ஏற்பாடே அப்படி.

அடுத்தது அரிசி. தமிழ்நாட்டு ரேஷனில் 2008-ல் கிலோ ஒரு ரூபாய், 2011-லிருந்து இலவசம். சும்மா கிடைக்கும் அரிசிக்கு முன்னால் எந்தத் தானியமும் விலையில் போட்டி போட முடியாது.

ஆனால் நான் கேட்ட வரையில் பெரிய காரணம் இவை இரண்டுமே இல்லை. உலக்கைதான்.

உரலில் போன சாமை

செம்மேட்டுக்கு அப்பால் ஒரு ஊரில், அறுபதை நெருங்கும் ஒரு அம்மாவிடம் கேட்டேன். “ஏம்மா, சாமைச் சோறு இப்ப ஆக்குறதில்லையா?” அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“ஆக்கலாம் சார். நாலு மணிக்கு எந்திரிச்சு ஒலக்கையப் புடிச்சாத்தான் எட்டு மணிக்குச் சோறு. ரேஷன் அரிசின்னா கழுவிப் போட்டா ஆச்சு. நீங்க வந்து குத்தித் தாரீங்களா?”

பக்கத்தில் இருந்த அவர் மருமகள் சிரித்தது இன்னும் காதில் இருக்கிறது. நான் பதில் சொல்லவில்லை. என்ன சொல்வது?

சாமை, தினை, பனிவரகு, வரகு எல்லாவற்றுக்கும் கெட்டியான உமி உண்டு. காயவைத்து, குத்தி, புடைத்து, மறுபடி குத்தி, மறுபடி புடைத்து எடுக்கவேண்டும். மணி மிகச் சிறியது. நெல்லைப்போல் ஒரே ஓட்டத்தில் வராது. இந்த வேலை முழுக்கப் பெண்கள் தலையில். காட்டில் கூலி வேலை, விறகு, தண்ணீர், பிள்ளைகள், அதற்கு மேல் உலக்கை. கேழ்வரகு மட்டும் ஏன் ஓரளவு தங்கியது என்று யோசித்துப் பாருங்கள். கேழ்வரகுக்கு உமி நீக்கும் வேலை இல்லை. புடைத்துக் கல் பொறுக்கி நேரே மாவு மில்லுக்குக் கொண்டுபோகலாம். மாவு மில் எல்லா ஊரிலும் உண்டு. மலையிலும் சரி, தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கமும் சரி, களி இன்னும் இருப்பதற்கும் சாமைச் சோறு அருகிப் போனதற்கும் நடுவில் இருப்பது ஒரு இயந்திரம்.

ஆண்கள் கூடி நடத்தும் சிறுதானியக் கூட்டங்களில் இந்த விஷயம் ஒரு வரியில் கடந்து போய்விடும். ‘நம் பாட்டிமார் ஆரோக்கியமாக இருந்தார்கள்’ என்று மேடையில் பேசுகிறோம். அந்தப் பாட்டிமார் கையில் இருந்த காய்ப்பைப் பற்றிப் பேசுவதில்லை.

1990-களின் நடுவிலிருந்து எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் கொல்லிமலையில் வேலை செய்து வந்திருக்கிறது. விதை சேகரிப்பது, ஊருக்கு ஊர் விதை வங்கி வைப்பது, வரிசையில் விதைத்துக் காட்டுவது என்று பல செய்தார்கள். அதில் எனக்குப் பெரிதாகத் தெரிவது ஊர்க் குழுக்களிடம் உமி நீக்கும் சிறு இயந்திரங்களைக் கொடுத்து ஓட்டவைத்ததுதான். விதையைக் காப்பாற்றுவது என்றால் விதையை மட்டும் காப்பாற்றினால் போதாது, அதைச் சோறாக்கும் வழியையும் சேர்த்துக் காப்பாற்றவேண்டும் என்று அவர்கள் புரிந்துகொண்டார்கள்.

மில் கணக்கு

நம்மில் சிலர் ஊருக்கு ஒரு மில் வாங்கிக் கொடுத்துவிட்டால் முடிந்தது என்று நினைக்கிறோம். பூட்டிக் கிடக்கும் மில்களையும் நான் பார்த்திருக்கிறேன். ஆகவே கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

ஐந்து பேர் உள்ள வீடு, நாளுக்கு ஒரு வேளை சிறுதானியம், தலைக்கு 100 கிராம் அரிசி என்று வையுங்கள். நாளுக்கு அரைக் கிலோ, வருடத்துக்கு 182 கிலோ. உமி போக 100 கிலோ சாமையில் 60 கிலோ அரிசி நிற்கும் என்று எடுத்துக்கொண்டால், வீட்டுக்குத் தேவை ஏறக்குறைய 300 கிலோ சாமை. சரிவு நிலத்தில், மானாவாரியில், ஏக்கருக்கு 300 கிலோ என்று குறைவாகவே வைத்தாலும் ஒரு ஏக்கர் போதும். பாதி நாள் களி என்றால் சாமைக்கு அரை ஏக்கரும் கேழ்வரகுக்குக் கால் ஏக்கரும் தாராளம். மிச்சத்தில் கிழங்கோ காப்பியோ மிளகோ போட்டுக்கொள்ளட்டும். கிழங்கை முழுக்க விடு என்று யாரும் சொல்லத் தேவையில்லை என்பதற்காகத்தான் இந்தக் கணக்கு.

இப்போது மில். அறுபது வீடு சேர்ந்தால் வருடத்துக்கு 18,000 கிலோ. கிலோவுக்கு 3 ரூபாய் கூலி வாங்கினால் 54,000 ரூபாய். வாரம் இரண்டு நாள் ஓட்ட ஒரு ஆள், நாளுக்கு 300 ரூபாய் என்றாலே வருடத்துக்கு 31,200. கரண்டுக்கும் தேய்மானச் சாமானுக்கும் மாதம் 1,000 வைத்தால் 12,000. மிஞ்சுவது 10,800. ஒன்றரை லட்ச ரூபாய் இயந்திரத்தைக் கடனில் வாங்கி ஐந்து வருடத்தில் அடைக்க வேண்டுமானால், வட்டியை விட்டு அசல் மட்டுமே வருடத்துக்கு 30,000. ஆகாது. ஆனால் இயந்திரம் மானியத்திலோ பொதுப் பணத்திலோ வந்துவிட்டால், ஓட்டம் தன் சொந்தக் காலில் நிற்கும். இதை முதலிலேயே தெளிவாக எழுதிக்கொள்ளாமல், மகளிர் குழுவுக்குக் கடனாகக் கொடுத்துவிட்டுப் பிறகு ‘அவர்கள் நடத்தவில்லை’ என்று சொல்வது வழக்கமாக இருக்கிறது.

இன்னும் சில நடைமுறைச் சங்கதிகள். நெல் அரைக்கும் ரப்பர் உருளை இயந்திரம் சாமைக்குச் சரிப்படாது. சாமை மணிக்கும் வரகு மணிக்கும் அளவு வேறு, உமியின் கெட்டியும் வேறு. ஒரே அமைப்பில் இரண்டும் ஓடாது. கல் பிரிப்பானும் சல்லடையும் சேர்ந்து இருக்கவேண்டும், இல்லாவிட்டால் சோற்றில் மண் நறநறக்கும், பிள்ளை ஒரு வாய் வைத்துவிட்டுத் தட்டைத் தள்ளிவிடும். மும்முனை மின்சாரம் இருக்கிறதா, மின்னழுத்தம் எப்படி என்று இயந்திரம் வாங்குவதற்கு முன்னால் பார்க்கவேண்டும். தவிடு யாருக்கு என்பதையும் பேசி வைத்துக்கொள்ள வேண்டும். ஆட்டுக்கும் கோழிக்கும் அது தங்கம், பின்னால் சண்டை வரும். இன்னொன்று, உமியோடு இருக்கும் சாமை வருடக் கணக்கில் கெடாது. மூங்கில் கூடையைச் சாணி மெழுகிக் கொட்டி வைத்தால் போதும். உமி நீக்கிய அரிசியோ சில வாரங்களிலேயே எண்ணெய் சிக்கு வாடை அடிக்கத் தொடங்கும். ஆகவே பதினைந்து நாளுக்கு வேண்டியதை மட்டும் அரைத்துக்கொள்ளும்படி மில் பக்கத்தில் இருக்கவேண்டும். மலைக்குக் கீழே பெரிய ஆலை வைத்து அங்கே கொண்டுபோய் அரைத்து வருவது என்பது வியாபாரத்துக்கு ஆகும், வீட்டு உலைக்கு ஆகாது.

விற்பதா, வைத்துக்கொள்வதா

இங்கேதான் நம்மைப் போன்றவர்கள் சம்பந்தப்படுகிறோம். இயற்கை உணவு என்று நகரத்தில் கிராக்கி கூடக் கூடச் சாமைக்கு விலை ஏறியது. விலை ஏறினால் விவசாயிக்கு நல்லதுதானே? நல்லதுதான், ஒரு இடம் வரைக்கும். மலையில் அறுப்பு முடிந்த கையோடு வியாபாரி களத்துக்கே வருகிறார். மூன்று மூட்டை விளைந்தால் மூன்றையும் ஏற்றி அனுப்பிவிட்டு அந்தப் பணத்தில் பெட்டிக்கடையில் நூடுல்ஸ், பிஸ்கட், பாமாயில் வாங்குவது கண்கூடாக நடக்கிறது. சத்து பாக்கெட்டில் ஏறிக் கீழே போகிறது, சர்க்கரை பாக்கெட்டில் ஏறி மேலே வருகிறது.

ஒரு பெரியவரிடம் இதைச் சொன்னேன். கோபப்படாமல் கேட்டுக்கொண்டார். பிறகு, “சரிங்க சார், நீங்க சொல்றது வாஸ்தவம். நாங்க சாமையத் தின்னுட்டா, பேரனுக்குப் பாலிடெக்னிக் பீஸ் யாரு கட்டுவாங்க?” என்றார். அதுவும் வாஸ்தவம்தான். பழங்குடியினர் பழைய உணவைச் சாப்பிட்டு நமக்காகப் பாரம்பரியத்தைக் காத்துக்கொண்டிருக்க வேண்டும் என்று சொல்ல நாம் யார்? அவர்கள் விளைச்சலை அவர்கள் விற்பார்கள்.

ஆகவே ‘விற்காதே’ என்பது வழியில்லை. வங்கியில் ஒரு பழக்கம் உண்டு: சம்பளம் வந்ததும் சேமிப்பை முதலில் பிடித்துக்கொண்டு மிச்சத்தைச் செலவுக்கு விடுவது. அதே முறை. அறுப்பு நாளில் வீட்டுத் தேவை 300 கிலோவை அல்லது முடிந்ததை ஊர்த் தானிய வங்கியில் அந்தக் குடும்பத்தின் பெயரிலேயே போட்டுவிடுவது. அவசரத்துக்குப் பணம் வேண்டுமென்றால் அந்த மூட்டைகளின் பேரில் மகளிர் குழுவே சின்னக் கடன் கொடுப்பது. அப்போது களத்துமேட்டில் வியாபாரி சொன்ன விலைக்குக் கொடுக்கும் கட்டாயம் இருக்காது. மூன்று மாதம் கழித்து விலை ஏறியபின் விற்க நினைத்தால் விற்கலாம், தின்ன நினைத்தால் தின்னலாம். முடிவு அந்த வீட்டுப் பெண்ணின் கையில் இருக்கும். கிட்டங்கி ரசீதின் பேரில் கடன் கொடுப்பது வங்கிகளுக்குப் புதிதல்ல. அதையே பத்து மூட்டை அளவில் ஊருக்குள் செய்வதுதான் இது.

ஒடிசாவில் செய்தது

இதைப் பெரிய அளவில் செய்து காட்டிய மாநிலம் ஒடிசா. 2017-ல் கோராபுட், மல்கான்கிரி, ராயகடா, காலாஹண்டி, கந்தமால், கஜபதி, நுவாபாடா ஆகிய ஏழு மாவட்டங்களில் 30 வட்டாரங்களில் ஒடிசா சிறுதானிய இயக்கத்தைத் தொடங்கினார்கள். பழங்குடியினர் நிறைந்த மாவட்டங்கள். கேழ்வரகை அங்கே மண்டியா என்பார்கள். எனக்குப் பிடித்தது அவர்கள் வைத்த வரிசை. முதலில் வீட்டில் சாப்பிடுவதைக் கூட்டுவது, பிறகு விளைச்சல், பிறகு ஊரில் அரைக்கும் வசதி, அதற்கப்புறம்தான் சந்தை. நம் பக்கம் எந்தத் திட்டமும் சந்தையிலிருந்துதான் தொடங்கும்.

அரசே பழங்குடியினர் கூட்டுறவு நிறுவனம் வழியாக ஆதார விலைக்குக் கேழ்வரகை வாங்கியது. வாங்கியதை எங்கோ அனுப்பாமல் அதே மாநிலத்து ரேஷன் கடைக்கும் அங்கன்வாடிக்கும் திருப்பியது. கியோஞ்சர் மாவட்டத்தில் அங்கன்வாடிக் குழந்தைகளுக்குக் கேழ்வரகு லட்டு கொடுக்கத் தொடங்கினார்கள். விளைவித்தவர் பிள்ளைக்கே அது திரும்பிப் போகிறது. அரசு வாங்கும் என்ற நம்பிக்கை வந்தால் விதைப்பவர் எண்ணிக்கை கூடும். கூடினால் இன்னொரு நன்மை உண்டு, தினை போட்டவர்களுக்குத் தெரியும். ஊரில் ஒருத்தர் மட்டும் தினை போட்டால் அந்த வட்டாரத்துக் குருவி முழுக்க அவர் காட்டில்தான். ஐம்பது பேர் போட்டால் ஆளுக்குக் கொஞ்சம் போகும், சேதம் தெரியாது. மலையில் தினை அருகிப் போனதற்குக் குருவியும் ஒரு காரணம். காட்டுப்பன்றிக் கதை தனி. அதற்கு இப்படிச் சுலபமான பதில் கிடையாது.

தமிழ்நாட்டிலும் 2023-ல் நீலகிரி, தர்மபுரி மாவட்ட ரேஷன் கடைகளில் 2 கிலோ அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு கொடுக்கத் தொடங்கினார்கள். 2013-ம் வருடத்து உணவுப் பாதுகாப்புச் சட்டத்திலேயே அரிசி, கோதுமையோடு சிறுதானியத்துக்கும் இடம் இருக்கிறது. கேழ்வரகுக்கு ஆதார விலை 2017-18-ல் குவிண்டாலுக்கு 1,900 ரூபாய், அடுத்த வருடமே 2,897, 2024-25-ல் 4,290. நல்ல ஏற்றம். ஆனால் மத்திய அரசின் அந்தப் பட்டியலில் கேழ்வரகு, கம்பு, சோளத்துக்குப் பெயர் சொல்லி விலை உண்டு. சாமைக்கும் தினைக்கும் தனி வரி இல்லை. சத்தீஸ்கர் மாநிலம் 2021-ல் வரகுக்கும் சாமைக்கும் குவிண்டாலுக்கு 3,000 ரூபாய் என்று தானே அறிவித்தது. கொல்லிமலை, ஜவ்வாதுமலை, கல்வராயன்மலை மூன்றிலும் சாமை விளைகிறது. நம் மாநிலமும் இந்த மூன்று மலைக்காவது ஒரு விலை சொல்லி வாங்கி, அந்தந்த மலையின் உண்டு உறைவிடப் பள்ளிக்கும் அங்கன்வாடிக்கும் கொடுக்கலாம். லாரி வாடகைகூட மிச்சம். நம் இயக்கம் கோரிக்கை மனு எழுதும்போது இதைச் சேர்க்கவேண்டும் என்பது என் எண்ணம்.

காட்டுக்கீரையும் களைக்கொல்லியும்

பாரம்பரிய உணவு என்றால் சிறுதானியம் மட்டும் என்று ஆகிவிட்டது. மலைவீட்டுச் சாப்பாட்டில் பாதி, விதைக்காமல் வந்தது. சாமைக் காட்டிலும் கேழ்வரகுக் காட்டிலும் தானாக முளைக்கும் பண்ணைக்கீரை, தொய்யக்கீரை, குப்பைக்கீரை, சுக்குட்டிக்கீரை; வேலி ஓரத்து முடக்கத்தான்; காட்டில் தோண்டும் கவலைக் கிழங்கு, நூறைக் கிழங்கு. ஊடே துவரை, அவரை, தட்டைப்பயறு. ஒரு காட்டிலிருந்து சோறும் குழம்பும் கீரையும் சேர்ந்து வந்தது. கிழங்குக் காட்டில் களைக்கொல்லி அடித்ததும் கீரை முழுக்கப் போய்விட்டது. விவசாய அலுவலகத்துக் கணக்கில் அது களை. சமையல்கட்டுக் கணக்கில் அது அன்றைய குழம்பு. இந்த நஷ்டத்தை எந்தப் பதிவேட்டிலும் எழுதமாட்டார்கள். ரசாயனம் இல்லாத விவசாயம் மலை மக்களுக்கு எதைத் திருப்பிக் கொடுக்கும் என்று கேட்டால் நான் முதலில் சொல்வது இந்தக் கீரையைத்தான், மகசூலை இல்லை.

காட்டிலிருந்து எடுப்பதற்கு 2006-ம் வருடத்து வன உரிமைச் சட்டம் வழி வைத்திருக்கிறது. வழக்கமாகச் சேகரித்து வந்த சிறு வனப்பொருள்களைச் சேகரிக்கவும் பயன்படுத்தவும் விற்கவும் உரிமை உண்டு. தேன், கிழங்கு, கடுக்காய் எல்லாம் அதில் வரும். தனிப் பட்டாவுக்கு மனுப் போடும் வேகத்தில் ஊர்ப் பொது உரிமைக்கு மனுப் போடுவதில்லை. கிராமசபை கூடி எழுதவேண்டிய வேலை அது. படித்த நம் ஆட்கள் யாராவது பக்கத்தில் உட்கார்ந்து படிவம் நிரப்பக் கைகொடுத்தால் நிஜமான உதவி.

ஒரு எச்சரிக்கையும் சொல்லவேண்டும். சிறுதானியத்தைச் சர்வரோக நிவாரணி மாதிரிப் பேசுவது எனக்கு ஒப்புதல் இல்லை. 100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது, தீட்டிய அரிசியில் 10 மில்லிகிராம் அளவுதான், உண்மை. ஆனால் நம் நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்று 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது, பழங்குடிப் பெண்களிடம் இன்னும் அதிகம். அது களியால் மட்டும் தீராது. தானியத்தில் இருக்கும் இரும்புச் சத்தை உடம்பு முழுசாக எடுத்துக்கொள்ளாது. முளைகட்டினால், புளிக்கவைத்துக் கூழாக்கினால், கூடவே ஒரு நெல்லிக்காயோ எலுமிச்சையோ இருந்தால் கூடுதலாகச் சேரும். பழைய சமையலில் இவை எல்லாம் இருந்தன. அதோடு பருப்பு, கீரை, முட்டை, எப்போதாவது கறி. தட்டு முழுவதும் திரும்பி வரவேண்டும்.

நாம் வாங்கும்போது

நம்மில் பலர் மலையிலிருந்து விதையும் தானியமும் வாங்குகிறோம். சில விஷயங்களை நானே பழக்கமாக வைத்திருக்கிறேன். அறுப்பு முடிந்து வீட்டுக்குரியதை எடுத்து வைத்தபின் மிஞ்சியதை மட்டும் குழு மூலமாக வாங்குகிறேன். மூன்று மூட்டை விளைந்த வீட்டில் மூன்றையும் கேட்பதில்லை. முடிந்தவரை அவர்கள் மில்லில் அரைத்த அரிசியாகவே வாங்குகிறேன். மில்லுக்கு ஓட்டம் கிடைக்கும், தவிடு மலையில் நிற்கும். வெளுப்பாகத் தீட்டித் தரச் சொல்லிக் கேட்பதே இல்லை. பழுப்பு நிறம் போனால் சத்தும் போனது என்று நம் வாடிக்கையாளர்களிடம் நாம்தான் சொல்லவேண்டும்.

விதை வாங்கினால் பெயரை மாற்றாதீர்கள். கட்டவெட்டிச் சாமையைக் கொண்டுவந்து பெருக்கி, புதுப் பெயர் சூட்டி விற்றவரை எனக்குத் தெரியும். 2001-ம் வருடத்துப் பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டப்படி உழவர் ரகத்தை அந்த ஊரார் பெயரிலேயே பதியலாம், உழவர்களுக்குக் கட்டணம் கிடையாது. கோராபுட் மாவட்டத்தில் நாட்டு நெல் ரகங்களைக் காத்த பழங்குடிப் பெண்மணி கமலா பூஜாரிக்கு 2019-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். நம் மலைகளிலும் அப்படிக் காத்தவர்கள் இருக்கிறார்கள், பெயர் வெளியே தெரியவில்லை. விதையைக் காசு கொடுத்து வாங்கினாலும் மறு வருடம் உங்கள் விளைச்சலில் ஒன்றுக்கு ஒன்றரையாக அந்த ஊர் விதை வங்கிக்குத் திருப்பிக் கொடுங்கள். மலையில் ஒரு வருடம் மழை பொய்த்தால் அடிவாரத்தில் நாம் வைத்திருக்கும் விதைதான் அவர்களுக்குக் கைகொடுக்கும்.

ஏக்கருக்குச் சாமை விதை 4 முதல் 5 கிலோ போதும், வரிசையில் விதைத்தால் இன்னும் குறையும். வைகாசியில் முன்மழை விழுந்ததும் மலையில் விதைப்பு தொடங்கிவிடும். அந்த நேரத்தில் போய் விதை கேட்டால் அவர்கள் விதைக்க வைத்திருப்பதிலிருந்துதான் எடுத்துத் தருவார்கள், இல்லை என்று சொல்லத் தெரியாதவர்கள். மாசி, பங்குனிக்குள் விதை வங்கியில் சொல்லி வைத்துவிடுங்கள்.